காப்பு கட்டியவன் எங்கே போவான்

தர்மனுக்கு விழுந்த கைத்தட்டல் லோகேஷின் காதில் மறுநாளும் ஓயவில்லை. பல் தேய்க்கும்போது கேட்டது. தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு டீ கொண்டுபோய் வைக்கும்போதும் கேட்டது. முப்பது பேர் தட்டியதுதான். ஆனால் அந்த முப்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தவன் லோகேஷ். படத்தைத் தேடிப் பிடித்தவனும் அவன்தான். தட்டியது என்னவோ தர்மனுக்கு.

செவிலிமேட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் படம் போடுவார்கள். நடத்துபவள் கீர்த்தி. தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வரிகள் எழுதித் திரைக்கு அடியில் ஓடவிடுவது லோகேஷின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவனாக இழுத்துப் போட்டுக்கொண்டது. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டான். ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்து அதையும் விட்டான். பகலில் தூக்கம் வராமல் புரண்ட நாட்களில்தான் அந்தப் படங்கள் அவன் போனில் வந்து மாட்டின.

தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கறுப்பர் படங்கள். கறுப்பர்களே காசு திரட்டி, கறுப்பர்களே நடித்து, கறுப்பர்கள் பார்க்க எடுத்தவை. அந்த ஊர்த் தியேட்டர்களில் வெள்ளைக்காரன் பக்கத்து நாற்காலியில் கறுப்பன் உட்கார முடியாது. தனித் தியேட்டர், இல்லாவிட்டால் மேல்மாடி, அதுவும் இல்லாவிட்டால் வெள்ளைக்காரர்கள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு நடுராத்திரிக் காட்சி. பெரிய கம்பெனிப் படங்களில் கறுப்பனுக்குப் பெட்டி தூக்கும் வேஷம், கறுப்பச்சிக்குச் சமையற்காரி வேஷம். இவர்கள் எடுத்த படங்களிலோ கறுப்பன் துப்பறிகிறான், வக்கீலாக வாதாடுகிறான், தாதாவாகச் சுருட்டுப் பிடிக்கிறான். பாதிப் படங்கள் கொலை, கொள்ளை, கோர்ட்டுதான். லோகேஷ் அவற்றுக்கு அடிமையாகிப் போனான். ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் தமிழ் வரி எழுதினான். பெரிய ஓட்டல் ஒன்றில் லிஃப்ட் ஓட்டும் கறுப்பன். மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரி செத்துக் கிடக்கிறாள். போலீஸ் யாரையும் ஒரு கேள்வி கேட்காமல் நேரே லிஃப்டுக்கு வருகிறது. கறுப்பனான ஒரு துப்பறிவாளன் அவனை மீட்கக் கிளம்புகிறான். இதுதான் கதை.

அந்தப் படத்தைத்தான் போன ஞாயிறு போட்டார்கள். நடுவில் லேப்டாப் மக்கர் செய்து தமிழ் வரிகள் காணாமல் போயின. லோகேஷ் வியர்த்து வழிந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான். ஜனம் கொட்டாவி விட ஆரம்பித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து தர்மன் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் வாயைத் திறக்கத் திறக்கத் தமிழில் பேசினான். லிஃப்ட்காரனுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல், ஓட்டல்கார அம்மாளுக்குக் கீச்சுக்குரல். வரிகள் திரும்பி வந்த பிறகும் யாரும் அவற்றைப் படிக்கவில்லை. வரியை அணைத்துவிடச் சொன்னாள் கீர்த்தி. லோகேஷ் தன் கையாலேயே அணைத்தான்.

தர்மன் செவிலிமேட்டுக் காலனிக்காரன். அவன் தாத்தாக்கள் முசரவாக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள். அம்மா லில்லி வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். இவன் எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, பைக்கில் பார்சல் டெலிவரி செய்கிறான். படிப்பைப் பற்றிக் கேட்டால், வீட்டு நம்பரைச் சரியாக வாசிக்க உதவுகிறது என்பான். நல்ல உயரம், வாய்த்துடுக்கு. யாரையும் ஐந்து நிமிஷத்தில் சிரிக்கவைத்துவிடுவான். லோகேஷுக்கு அந்த வித்தை சுட்டுப்போட்டாலும் வராது.

தர்மன் பேசியதை லோகேஷ் போனில் பதிவு செய்திருந்தான். அதைத் தினம் இரண்டு தடவை கேட்டான். ரசிக்க அல்ல, குறை பிடிக்க. ஓரிடத்தில் துப்பறிவாளன் சொன்ன ஒரு முழு வசனத்தை தர்மன் விழுங்கிவிட்டிருந்தான். அதைக் கண்டுபிடித்த அன்று லோகேஷ் தெருமுனைக்குப் போய்த் தனக்குத் தானே ஒரு பாதாம்பால் வாங்கிக் குடித்தான்.

பிறகு சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய படங்களைப் பாதுகாக்கும் ஒரு குழு, நுங்கம்பாக்கத்தில் சின்னத் தியேட்டர். கீர்த்தி அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் படத்தைப் போட்டு, தர்மன் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். சஷ்டி முடிந்து வரும் ஞாயிறு. கீர்த்தி இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள லோகேஷும் வரவேண்டும் என்று சேர்த்துச் சொன்னாள். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள.  இன்னொன்றையும் அன்று கவனித்தான். அவள் இப்போதெல்லாம் தர்மனை தர்மா என்கிறாள்.

அந்த வருடம் சஷ்டிக்கு லோகேஷுக்குக் காப்பு கட்டினார்கள்.

சூரனோடு மோதிய வீரபாகுவும் அவன் தம்பிகளுமான நவவீரர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அந்த நெசவாளர் தெருவின் பெருமை. ஒவ்வொரு சஷ்டிக்கும் தெருவில் ஒன்பது ஆண்களுக்கு மஞ்சள் கயிறு கட்டி, கடைசி நாள் சூரசம்ஹாரத்தில் வேஷமிட்டு வாளோடு சாமிக்கு முன்னால் நடக்கவைப்பார்கள். காப்பு கட்டினால் ஒரு வேளைதான் சாப்பாடு. மாமிசத்தின் வாசனைகூடப் படக்கூடாது. கோயிலையும் தெருவையும் தாண்டி அடி வைக்கக்கூடாது. தாண்டியவன் யாரும் இல்லை என்பதால் தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. படிப்பையும் விட்டு வேலையையும் விட்டு நிற்கும் மகனுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததில் அப்பா பரமசிவத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கயிற்றைத் தன் கையாலேயே கட்டினார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சாமி அம்மனிடம் வேல் வாங்கும் வைபவம். தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு குமரகோட்டம் முருகன் கோயிலில் கூடியிருந்தது. ஒன்பது பேரும் மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் தர்மன் சென்னைக்காகத் தன் வீட்டில் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறான் என்பது லோகேஷுக்குத் தெரியும். உட்கார முடியவில்லை. அவன் எதை மாற்றுகிறான், எதைச் சேர்க்கிறான், தான் எழுதியதில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் போலிருந்தது. பின்வாசல் வழியாக வெளியே வந்து வேட்டிமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து செவிலிமேட்டில் இறங்கினான்.

தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு, சுவரில் படத்தை ஓடவிட்டு தர்மன் பேசிக்கொண்டிருந்தான். லோகேஷைப் பார்த்ததும் சிரித்தான்.

"வா வீரபாகு. காப்போட வந்துக்கினு இருக்கியே, சூரன் கோச்சுக்க மாட்டானா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு. பேசு, பேசு."

போலீஸ் லிஃப்டுக்குள் நுழையும் காட்சி வந்தது. நாற்பது வயதுக்காரனான லிஃப்ட்காரனை வெள்ளைப் போலீஸ்காரன் பையா என்று கூப்பிடுவான். லோகேஷ் அதை 'தம்பி' என்று எழுதியிருந்தான். ஹாலில் இந்தக் காட்சி தமிழ் வரியிலேயே ஓடிவிட்டிருந்தது; இப்போது தர்மன் 'டேய்' என்றான். அடுத்த வசனத்திலும் டேய். அதற்கடுத்ததிலும்.

"நான் அப்டி எழுதலையே" என்றான் லோகேஷ்.

"போலீஸ் என்னைத் தம்பின்னு கூப்ட்டா எனக்கு பயமாயிடும்பா. இன்னாவோ பெருசா வச்சிருக்காங்கன்னு."

உள்ளே லில்லி வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. லோகேஷும் சிரித்துவைத்தான். டேய்தான் சரி என்று கேட்ட மாத்திரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக அந்தக் காட்சியில் ஏதோ உறைக்கவில்லை, உறைக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். இவன் ஒரு சொல்லில் தீர்த்துவிட்டான். அந்தச் சொல்லைத் தேடி இவன் எங்கேயும் போகவில்லை. அது இவன் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அதை நினைத்தபோது லோகேஷுக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. இவனுக்கு அந்தப் படம் பிறவியிலேயே பாதி எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது, தனக்குத்தான் ஒரு எழுத்தும் இல்லை என்று தோன்றியது.

லில்லி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். காப்பைப் பார்த்துவிட்டு, உனக்கு வேண்டாம்பா, டீ போடறேன் என்றாள். தர்மன் சாப்பிட உட்கார்ந்தான். லோகேஷுக்குக் காலையிலிருந்து வயிறு காய்ந்துகிடந்தது. அதைவிட, எல்லாவற்றிலும் தான் ஒருவனே கயிறு கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பது எரிச்சலாக இருந்தது. எனக்கும் போடுங்க என்றான். லில்லி தயங்கினாள். பரவாயில்லை, போடுங்க என்றான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கற்பூர வாசனைக்குள் திரும்பி வந்து ஒன்பது பேரில் ஒருவனாக உட்கார்ந்தான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கோயிலிலிருந்து திரும்பியதும் அடுத்த வீட்டில் கூச்சல். திருஞானசம்பந்தம் தறியிலிருந்து இறக்கி அலமாரியில் வைத்திருந்த முகூர்த்தப் புடவை இரண்டும் இல்லை. பூட்டு உடையவில்லை. மகன் விக்னேஷ் நண்பர்களோடு வேன் பிடித்துத் திருச்செந்தூர் சம்ஹாரத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான், போன் எடுக்கவில்லை. தெருவே கூடி நின்று யோசித்தது. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மத்தியானம் பார்சல் கொண்டுவந்தவன் யார் என்று ஒருவர் கேட்டார். கேமராவில் அவன் பைக் தெரியும் என்றார் இன்னொருவர். அந்தக் காலனிப் பையன், வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்துக்கினுதான் நிப்பான் என்றாள் ஒருத்தி. சாயங்காலம் தெரு காலியாக இருக்கும் என்று நோட்டம் பார்த்துப் போயிருக்கிறான், இருட்டியதும் வந்து எடுத்துவிட்டான். கதை முழுசாகிவிட்டது. லோகேஷ் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் விரலில் கருவாட்டு வாடை இன்னும் போகவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலையில் தர்மனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

லோகேஷுக்கு அது தெரிய வரும்போது கோயிலில் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தில் சிவப்புச் சாயம், ஒட்டு மீசை, ஜிகினா ஒட்டிய கிரீடம், மரவாள். மேக்கப்காரர் தாடையைப் பிடித்துத் திருப்பியபோது வாசலில் லில்லி நிற்பதைப் பார்த்தான். பக்கத்தில் ஒரு ஏட்டு. நெற்றியில் பட்டை விபூதி, கையில் பூட்ஸ். கழற்றி வெளியே விட்டால் காணாமல் போய்விடும் என்று பிடித்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் தன் மகன் வீட்டில்தான் இருந்தான், லோகேஷும் கூட இருந்தான் என்று லில்லி ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறாள். அதை விசாரிக்க வந்திருந்தார்.

ஏட்டு கேட்டது லோகேஷை அல்ல, பரமசிவத்தை. உங்க பையன் நேத்து சாயங்காலம் எங்க இருந்தான் என்றார்.

"இங்கதான் சார். வேற எங்க இருப்பான்?" என்றார் பரமசிவம். "கையைப் பாருங்க. நான் கட்டின காப்பு."

ஏட்டு கயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் அப்படியே கரைந்தது. கிட்டத்தட்ட கும்பிடப் போகிறவர் மாதிரி ஆகிவிட்டார். லில்லி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியாமா? காப்பு கட்டினவன் எங்க போவான்? உன் வூட்டுக்கு வந்து கருவாடு துன்னானாம். எங்க வந்து இன்னா பேசற?"

லில்லி அவரைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடி லோகேஷைப் பார்த்தாள்.

"லோகேஷு. ரெண்டாவது வாட்டி கொழம்பு கேட்டியேப்பா. நீயே சொல்லிடு."

அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அதற்கு முன்னால் அவன் தலைக்குள் பல காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. அப்பா இந்த இடத்திலேயே செத்துவிடுவார். ஒன்பது எட்டாகிவிடும். சம்ஹாரம் நிற்கும். ஊர் தலைமுறைக்கும் பேசும். எல்லாமே உண்மையான காரணங்கள். அவற்றுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. நுங்கம்பாக்கம், ஞாயிற்றுக்கிழமை, திரைக்குப் பக்கத்தில் ஒரு மைக், அதன் எதிரே யாரும் இல்லாத இடம். அதையும் அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி இருக்க அவனால் முடியவில்லை.

"நான் காப்போட இருக்கேம்மா" என்றான்.

அது பொய் இல்லை. அவன் காப்போடுதான் இருந்தான். பரமசிவம் தலையாட்டினார். ஏட்டு தலையாட்டினார்.  லில்லி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பு விட்ட பக்கமாக நடந்து போனாள். மேக்கப்காரர் அவன் தாடையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சம்ஹாரம் நன்றாக நடந்தது. சூரனின் தலை ஒவ்வொன்றாக விழ விழக் கூட்டம் அரோகரா போட்டது. லோகேஷ் வாளைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை முன்னால் ஓடி, மூன்று முறை பின்னால் வந்தான்.

வேஷம் கலைக்கும்போது கீர்த்தி போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. அந்தக் குரல்கூட அவனுக்குச் சுட்டது. தான் உள்ளே போயிருந்தால் இவள் அழுதிருப்பாளா என்று ஒரு கணம் யோசித்தான். ஸ்டேஷனுக்கு வக்கீலோடு போனதாகவும், பார்க்கவிடவில்லை என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்யச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"வேணாம். நான் பேசறேன். எனக்கு எல்லா வரியும் தெரியும்" என்றான் லோகேஷ்.

 "நேத்து சாயங்காலம் அவன் எங்க இருந்தான்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் கீர்த்தி.

"தெரியாது."

இது பொய். முதல் பொய் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்ன பிறகு எதுவும் ஆகவில்லை. ஸ்பிரிட் போட்டு ஒட்டிய மீசையைப் பிய்த்தபோதுதான் எரிந்தது.

மறுநாள் காப்பு கழற்றினார்கள். பரமசிவம் தறியில் உட்கார்ந்திருந்தார். லோகேஷ் வாசல்படியில் நின்று, அப்பா, அன்னைக்கு நான் கொஞ்ச நேரம் கோயில்ல இல்ல என்றான். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னான். தறிச் சத்தத்தில் விழாமல் போனால் தான் சொல்லிவிட்டதாகவும் ஆகும், யாரும் கேட்கவில்லை என்றும் ஆகும். ஆனால் விழுந்துவிட்டது. பரமசிவத்தின் கையில் ஓடிக்கொண்டிருந்த தறி நாடா நின்றது.

"கட்டினது நான். நீ எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும்" என்றார். நாடா மறுபடி ஓடியது.

லோகேஷ் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது. உள்ளே போய்ப் போனில் தர்மனின் குரலைப் போட்டு, அவனைப் போலவே டேய் சொல்லிப் பழகினான். குரலை எங்கே தணிக்கிறான், எங்கே மூச்சு விடுகிறான் என்று குறித்துக்கொண்டான். விழுங்கிய வசனத்தையும் சேர்த்துக்கொண்டான். அதில் மட்டும் அவனுக்கு ஒரு திருப்தி.

அன்று மத்தியானம் விக்னேஷ் மொட்டைத் தலையோடு வேனிலிருந்து இறங்கினான். புடவைகளா? கிளம்பும்போது கடைக்காரர் ஆள் வந்து கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டேன், சொல்ல மறந்துவிட்டேன், போன் சார்ஜ் இல்லை என்றான். திருஞானசம்பந்தம் அவனைத் திட்டினார், பிறகு சிரித்தார், பிறகு பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வந்தார். ஒரு வேலை முடிந்தது என்றார். தெருவில் யாரும் அந்தப் பேச்சை அதற்கு மேல் எடுக்கவில்லை. தர்மனைப் பிடிக்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டியிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை லோகேஷ் செவிலிமேட்டுக்குப் போனான். போகாமல் இருக்க முடியாது. படத்தின் நல்ல பிரதி தர்மனின் பென்டிரைவில் இருந்தது.

தர்மன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது தாடை தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறது என்றாள் கீர்த்தி. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். படியில் வழுக்கி விழுந்ததாக ஸ்டேஷனில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எலும்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க நாளை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறாள். லில்லி மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். லோகேஷ் உள்ளே வந்தபோது கால் ஒரு நொடி நின்றது, பிறகு தைத்தது.

"நான் இப்போ போய்ச் சொல்லிடறேன். நான் இங்கதான் இருந்தேன்னு" என்றான் லோகேஷ்.

தர்மன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வாயை அதிகம் திறக்காமல் ஒவ்வொரு வார்த்தையாக விட்டான்.

"இப்போ எதுக்கு. உன் பேரை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல, தெரியுமா. அம்மாதான் சொல்லிடுச்சி. சொன்னா நீ இல்லன்னுவே. அப்புறம் நான் திருடனும் ஆவேன், பொய்யனும் ஆவேன். எதுக்கு ரெண்டு?"

கீர்த்தி லோகேஷைப் பார்த்தாள். தெரியாது என்று அவன் சொன்னது அவள் கண்ணில் வந்து நின்றது.  ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

லோகேஷுக்கு அங்கே வந்திருக்க வேண்டியது வெட்கம். வெட்கமும் வந்தது. ஆனால் இவன் தன்னை அளந்துவைத்திருக்கிறான், ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு தன்னை ஒரு சொல்லில் தீர்த்திருக்கிறான் என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டது.

தர்மன் தலையணைக்கு அடியிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினான். "போ. படம் நிக்கக்கூடாது."

"ஆரம்பத்துலயே நடந்ததைச் சொல்லிடறேன். நான் பண்ணதையும் சேத்து."

"அதுக்கும் ஒரு கைத்தட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறியா?" என்றான் தர்மன். "படத்தை மட்டும் பேசு."

ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கத் தியேட்டர் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு போஸ்டர். லிஃப்ட் கம்பிக்குப் பின்னால் அந்தக் கறுப்பனின் முகம், கீழே தர்மனின் பெயர். ஆள் மாறி வருவதைக் கீர்த்தி போனில் ஒருவரிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒருவர் அன்று வரவில்லை. பருத்திப் புடவை கட்டிய ஒரு அம்மாள் ஓடிவந்து லோகேஷின் கையைப் பிடித்து, வாங்க தர்மன், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம் என்றார். லோகேஷ் வாயைத் திறந்தான். திருத்த வேண்டுமென்றால், தர்மன் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிறுத்துவது? அதற்குள் அவன் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டார்கள். விளக்கு அணைந்தது.

நன்றாகவே பேசினான். ஒரு வசனம் பிசகவில்லை. டேய் என்றபோது முன்வரிசையில் ஒருவர் உடம்பைச் சுருக்கிக்கொண்டார். துப்பறிவாளன் கொலைகாரனைப் பிடித்து, லிஃப்ட்காரன் வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டதும், இருட்டிலேயே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஹாலைப் போல முப்பது பேர் இல்லை, முந்நூறு பேர். இதற்குத்தான் அத்தனையும் என்று நினைத்தான். உடம்பெல்லாம் சூடாக இருந்தது.

விளக்கு வந்தது. அந்த அம்மாள் மேடைக்கு வந்து, தர்மனைப் பற்றிக் கீர்த்தி எழுதி அனுப்பியிருந்ததை வாசித்தார். காலனியில் பிறந்தது, தாத்தா கூலி வேலை செய்தது, எம்.ஏ. படித்துவிட்டுப் பார்சல் கொடுப்பது எல்லாவற்றையும். கூட்டம் மறுபடி தட்டியது. லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கல்லூரி மாணவியாக இருக்கும்.

"தர்மன் சார், அந்த லிஃப்ட்காரரைக் கூட்டிட்டுப் போறப்ப உங்க குரல் நடுங்குச்சு. உங்க ஊர்ல, உங்களுக்கு இந்த மாதிரி எப்பவாவது நடந்திருக்கா?"

 எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். படத்தை மட்டும் பேசு என்று தர்மன் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிடிதான். தான் யார் என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. மைக்கைத் தொட்டான், கையை எடுத்தான், ஒன்றும் பேசாமல் நின்றான்.

நேரம் போகப் போக முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிச்சிடுங்க சார், கேட்டிருக்கக்கூடாது என்று உட்கார்ந்தாள். ஒருவர் எழுந்து தட்டினார். பக்கத்திலிருந்தவர் எழுந்தார். வரிசை வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள்.

லோகேஷ் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒன்றுகூடத் தனக்கு விழவில்லை என்பதும் தெரிந்தது. இந்நேரம் செங்கல்பட்டில் வீங்கின தாடையோடு ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு இங்கே முந்நூறு பேர் எழுந்து நிற்கிறார்கள். அவன் இதைப் பார்க்கக்கூட இல்லை. வயிறு எரிந்தது.